பல ஊர், பல மொழி, ஒரே லைன்: பனியன் கம்பெனிகளில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியின் பர்சனல் பிரிவில், அதாவது ஆட்களைப் பார்த்துக்கொள்ளும் பிரிவில், 11 வருடம் இருந்தேன். இப்போது சின்ன, நடுத்தர யூனிட்டுகளுக்குப் போய் சூப்பர்வைசர்களுக்கும் கமிட்டிக்காரர்களுக்கும் வகுப்பு எடுக்கிறேன். வகுப்பில் எல்லோரும் தலையாட்டுவார்கள். முடிந்து டீ கிளாஸைக் கையில் வாங்கிய பிறகுதான் மனதில் இருக்கும் கேள்வி வெளியே வரும். எந்த யூனிட்டுக்குப் போனாலும் கிட்டத்தட்ட அதே கேள்விகள். அவற்றைக் கேட்டவர்களின் வார்த்தையிலேயே இங்கே எழுதியிருக்கிறேன். சில கேள்விகள் முதலாளிகள் கேட்டவை, சில சூப்பர்வைசர்கள் கேட்டவை, ஒன்றிரண்டு டைலர்கள் கேட்டவை.

ஏனுங்க, எங்க கம்பெனியில எல்லா ஊர் ஆளும் இருக்காங்க. இதுக்கு மேல தனியா என்ன செய்யணும்?

ஆள் இருக்கிறார்கள், சரி. எங்கே இருக்கிறார்கள்? அடுத்த முறை தளத்தில் நடக்கும்போது இதை மட்டும் பாருங்கள். ஃபேனுக்கு நேர் கீழே இருக்கும் மெஷின்களில் யார் உட்கார்ந்திருக்கிறார்கள்? மே மாதச் சூட்டில் அயர்னிங் டேபிளில் நிற்பது யார்? லைன் சூப்பர்வைசர்கள் எல்லோரும் ஒரே தாலுகாவா? ஞாயிற்றுக்கிழமை வரச் சொன்னால் "முடியாதுங்க" என்று சொல்லும் தைரியம் யாருக்கு இருக்கிறது?

நான் வேலை பார்த்த இடத்தில் ஒருநாள் இப்படி எண்ணிப் பார்த்தேன். 240 பேரில் பாதிக்கு மேல் வெளிமாநிலம், மூன்றில் இரண்டு பங்கு பெண்கள். சூப்பர்வைசர் 7 பேர், ஏழு பேரும் உள்ளூர் ஆண்கள். துணி வாங்கும் பையர் வரும்போதெல்லாம் "எங்களிடம் ஆறு மாநில ஆட்கள் இருக்கிறார்கள்" என்று பெருமையாகச் சொன்னவனும் நான்தான். கீழே வரும் எல்லா பதில்களும் இந்தக் கணக்கிலிருந்துதான் ஆரம்பிக்கின்றன.

எல்லாரும் இந்திக்காரங்கதானே? இந்தி தெரிஞ்ச ஒரு ஆளைப் போட்டாப் போதாதா?

போதாது. ஒடிசாவிலிருந்து வருபவருக்கு ஒடியா, மேற்கு வங்கத்திலிருந்து வருபவருக்கு வங்காளம். பீகார் ஆட்கள் பலருக்கும் வீட்டில் போஜ்புரியோ மைதிலியோதான் பேச்சு. ஜார்க்கண்டிலிருந்து வரும் பெண்கள் பலருக்குச் சந்தாலி, அதற்கு ஓல் சிக்கி என்று தனி எழுத்தே உண்டு. எங்கள் கம்பெனியில் தீ ஒத்திகைக்கு இந்தியில் அழகாக நோட்டீஸ் அடித்து ஒட்டினோம். மணி அடித்தபோது செக்கிங் பகுதியில் 9 பெண்கள் அப்படியே உட்கார்ந்திருந்தார்கள். மற்றவர்கள் டீக்குப் போகிறார்கள் என்று நினைத்தார்களாம்.

அதன் பிறகு எழுத்தைக் குறைத்தோம். எந்த வாசல், எந்த மாடிப்படி, வெளியே எங்கே நிற்க வேண்டும் என்பதைப் படமாக வரைந்தோம். தைப்பதிலும் அப்படித்தான். குறையை வாயால் விளக்குவதைவிட சரியான பீஸ் ஒன்று, தப்பான பீஸ் ஒன்று என இரண்டையும் லைன் தலைப்பில் மாட்டிவிட்டால் மொழியே வேண்டாம். மொழிபெயர்க்க ஆள் வேண்டுமென்றால் காண்ட்ராக்டரின் ஆளைப் போடாதீர்கள். ஏன் என்பது கடைசிக் கேள்வியில் வருகிறது.

அப்புறம், இரண்டு பக்கமும் கொஞ்சம் கற்றுக்கொள்ள வேண்டும். தண்ணீர் என்பது ஒடியாவில் பாணி, வங்காளத்தில் ஜோல், சந்தாலியில் தாக். டைலருக்கு உதவியாக இருக்கும் எங்கள் கைமடி அக்கா ஒருவர் "தாகம் எடுத்தா தாக்" என்று ஞாபகம் வைத்துக்கொண்டார். இரண்டு சொல்லுக்கும் சம்பந்தம் இருக்கிறதோ இல்லையோ, அந்த ஒரு சொல்லால் அந்தப் பெண்கள் ஏதாவது என்றால் நேராக அந்த அக்காவிடம்தான் போவார்கள்.

பேரு வாயில நுழையறதில்லைங்க. 'பையா'ன்னு கூப்பிட்டா என்ன தப்பு?

பையா என்றால் அண்ணா. மரியாதையான சொல்தான். ஆனால் 40 பேரையும் பையா என்று கூப்பிட்டால் நாற்பதில் ஒருவர் என்றுதான் அர்த்தம் ஆகிறது. நம் ஊர்க்காரர் ஒருவரை வெளிநாட்டில் எல்லோரும் "ஏய் மெட்ராஸ்" என்று கூப்பிட்டால் எப்படி இருக்கும்? மெஷின் தலையில் பெயரைத் தமிழில் எழுதி ஒட்டுங்கள். ஒட்டுவதற்கு முன்னால் அவரையே சொல்லச் சொல்லிக் கேட்டு எழுதுங்கள். ஒரு வாரத்தில் வாயில் நுழைந்துவிடும்.

"வடக்கன்" என்ற சொல்லைப் பற்றியும் கேட்கிறார்கள். அது வசைச் சொல். சிரித்துக்கொண்டே சொன்னாலும் வசைதான்.

சாப்பாட்டு நேரத்துல அவங்கவங்க தனித்தனியா உக்காந்துக்கறாங்க. கலந்து உக்கார வைக்கலாமா?

வேண்டாம். அந்த அரை மணி நேரம்தான் அவர்கள் சொந்த மொழியில் மூச்சுவிடும் நேரம். அதையும் நிர்வாகம் பிடுங்கிக்கொண்டால் வெறுப்புதான் மிஞ்சும். கலப்பு வேலையில் நடக்கட்டும். வெவ்வேறு கூட்டத்தார் பழகுவதால் எப்போது மனக்கசப்பு குறையும் என்று 1954இலேயே ஓர் அமெரிக்க உளவியலாளர் எழுதிவைத்தார். சமமான நிலையில் இருக்க வேண்டும், ஒரே இலக்கு இருக்க வேண்டும், சேர்ந்து செய்தால்தான் வேலை முடியும் என்றிருக்க வேண்டும், மேலே இருப்பவர்களின் ஆதரவும் வேண்டும். பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து சோறு தின்பதில் இந்த நான்கில் ஒன்றுகூட இல்லை.

ஆனால் தானாக நடப்பதைத் தடுக்காதீர்கள். ஒரு ஏப்ரல் மாதம், கட்டிங்கில் இருந்த ஒடிசாப் பையன் தூக்குப்போசியைத் திறந்தான். நீர் ஊற்றிய சோறு, பக்கத்தில் சுட்ட கத்தரிக்காய், ஒரு பச்சை மிளகாய். எட்டிப் பார்த்த கட்டிங் மாஸ்டர் "அட, பழைய சோறு!" என்றார். அவர்கள் ஊரில் அதற்குப் பகாள என்று பெயர். அதுவரை "அவங்க சாப்பாடு நமக்கு ஆகாது, கடுகெண்ணெய் நாத்தம்" என்று சொல்லிக்கொண்டிருந்த மனிதர், மறுநாள் வீட்டிலிருந்து மோர் மிளகாய் கொண்டுவந்து கொடுத்தார். இதை நான் ஏற்பாடு செய்திருந்தால் சொதப்பியிருப்பேன்.

கலந்து போட்டா லைனே ஓட மாட்டேங்குது. ஒரே ஊர் ஆளா போட்டாத்தான் பீஸ் வருது. அப்படியே விட்டுரலாமா?

நியாயமான கேள்வி. கலந்த அணி முதலில் தடுமாறும், அதை மறைக்கத் தேவையில்லை. ஆனால் எங்கே தடுமாறுகிறது என்று பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

கென்யாவில் ரோஜாப் பூ கட்டும் ஒரு தொழிற்சாலை. மூன்று மூன்று பேராக வேலை. ஒருவர் பூவைப் பிரித்துக் கொடுப்பார், மற்ற இருவர் கொத்தாகக் கட்டுவார்கள். கொடுப்பவர் கிக்குயு இனம், கட்டுபவர்களில் ஒருவர் கிக்குயு, இன்னொருவர் லுவோ என்றால், பூ யார் பக்கம் அதிகம் போகும்? தன் இனத்தார் பக்கம்தான். இத்தனைக்கும் கொடுப்பவரின் கூலி மொத்தக் கொத்துக் கணக்கில்தான். அவருக்கே நஷ்டம், இருந்தும் செய்தார்கள். 2007 டிசம்பர் தேர்தலுக்குப் பிறகு இனக்கலவரம் வெடித்தபோது இது இன்னும் மோசமானது. 2008 தொடக்கத்தில் நிர்வாகம் ஒரே ஒரு மாற்றம் செய்தது. கட்டும் இருவருக்கும் தனித்தனிக் கூலியை நிறுத்திவிட்டு, இருவர் கட்டியதையும் கூட்டி இருவருக்கும் சமமாகக் கொடுத்தது. ஒருவருக்கு அதிகம் கொடுத்து இன்னொருவரைக் குறைக்க வழியே இல்லாமல் போயிற்று. பூ சமமாக நகர ஆரம்பித்தது. யாருக்கும் ஒற்றுமை வகுப்பு எடுக்கவில்லை.

இதைப் படித்தபோது எனக்கு எங்கள் லைன் கண்முன் வந்தது. வெட்டிய துணிக் கட்டை, அதாவது பண்டிலை, எடுத்துக் கொடுக்கும் பெண் நம் ஊர். ஓவர்லாக்கில் நான்கு பேர், இரண்டு தமிழ், இரண்டு பீகார். பீஸ் ரேட், அதாவது தைத்த எண்ணிக்கைக்குக் கூலி. பீகார் டைலர்கள் காலையில் ஒரு மணி நேரத்தில் இரண்டு முறை எழுந்துபோய்த் தாங்களே பண்டில் தூக்கி வருவார்கள். "அவங்க வேகம் கம்மி" என்று ரிஜிஸ்டரில் எழுதியிருந்தது. எழுந்து நடக்கும் நேரத்தை யாரும் எழுதவில்லை. பண்டிலுக்கு நம்பர் போட்டு, அந்த நம்பர் வரிசையில்தான் கொடுக்க வேண்டும் என்று மாற்றினோம். அந்த ஆபரேஷனுக்கு மட்டும் நால்வருக்கும் சேர்த்துக் கணக்கு வைத்தோம். முதல் வாரம் நால்வருமே முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டார்கள். மூன்றாவது வாரம் அந்த நடை நின்றுவிட்டது. எல்லா லைனுக்கும் குழுக்கூலி பொருந்தும் என்று சொல்லமாட்டேன். வேகமான டைலர் கோபித்துக்கொண்டு அடுத்த தெருக் கம்பெனிக்குப் போய்விடுவார், இது திருப்பூர். வேலையைப் பங்கிடும் கை யாருடையது, அந்தக் கைக்கு ஒரு விதி இருக்கிறதா என்பதை மட்டுமாவது பாருங்கள்.

ஒரு கிரிக்கெட் மேட்ச் வெச்சா எல்லாம் சரியாப் போயிராதுங்களா?

எப்படி வைக்கிறீர்கள் என்பதைப் பொறுத்தது. பெரும்பாலும் "தமிழ்நாடு டீம், ஒடிசா டீம்" என்று பிரித்துவிடுகிறார்கள். அதற்கு மேட்ச் வைக்காமலே இருக்கலாம். உத்தரப் பிரதேசத்தில் 1200க்கும் மேற்பட்ட இளைஞர்களை வைத்து கிரிக்கெட் போட்டித்தொடர் நடத்தி ஓர் ஆய்வு செய்தார்கள். சிலரை ஒரே சாதி அணியிலும் சிலரைக் கலந்த அணியிலும் குலுக்கிப் போட்டார்கள். கலந்த அணியில் ஆடியவர்களுக்கு மற்ற சாதி நண்பர்கள் கூடினார்கள். மற்ற சாதியாரை எதிரணியாகவே சந்தித்தவர்களிடம் அந்த நட்பு குறைந்தது. மேலே சொன்ன நான்கு நிபந்தனைகள் இங்கேயும் அதேதான்.

ஆகவே கட்டிங் டீம், பேக்கிங் டீம் என்று பிரியுங்கள். பெண்களுக்கும் ஏதாவது வையுங்கள். நம் கம்பெனி விளையாட்டு விழாக்களில் பெண்களுக்கு எப்போதும் கோலமும் மியூசிக்கல் சேரும்தான். இதை ஒரு டைலரம்மா என் முகத்துக்கு நேராகக் கேட்டார்.

அவங்க ஒவ்வொருத்தருக்கும் ஒரு பண்டிகை. எல்லாத்துக்கும் லீவு குடுத்தா கம்பெனி ஓடுமா?

தமிழ்நாட்டில் 1958ஆம் ஆண்டுச் சட்டப்படி ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 ஆகிய நான்கு நாட்களும், பண்டிகைக்கு 5 நாட்களும் சம்பளத்துடன் விடுமுறை கொடுக்க வேண்டும். அந்த ஐந்தில் பொங்கலும் தீபாவளியும் ஆயுத பூஜையும் போய்விடும். அதைத் தொட யாரும் சொல்லவில்லை. மிச்சத்தைத்தான் பேச வேண்டும்.

செய்யக்கூடியது மாற்று நாள். தீபாவளி முடிந்த ஆறாம் நாள் சத் பூஜை. பீகார் ஆட்களுக்குத் தீபாவளியைவிட அது பெரியது. இதை அறியாத சூப்பர்வைசர் "தீபாவளிக்குத்தான் லீவு விட்டமே, ஏன் பத்து நாள் கழிச்சு வர்றே?" என்று திட்டுவார். மேற்கு ஒடிசா ஆட்களுக்கு விநாயகர் சதுர்த்திக்கு மறுநாள் நுவாகாய், புது அரிசிப் பண்டிகை, நம் பொங்கல் மாதிரி. ஒடிசாவில் ஜூன் நடுவில் ரஜ பர்வம், பெண்கள் வேலை செய்யாமல் ஊஞ்சல் ஆடும் மூன்று நாள். அசாமுக்கு ஏப்ரல் நடுவில் பிகு, அது நம் சித்திரை முதல் நாளை ஒட்டியே வருகிறது. ஜனவரியிலேயே ஆளுக்கு இரண்டு நாள் தேர்ந்தெடுக்கச் சொல்லி, கட்டிங் ஹால் சுவரில் பெரிய காலண்டர் மாட்டினோம். முன்னால் தெரிந்த லீவால் ஷிப்மெண்ட் தவறியதாக எனக்கு நினைவில்லை. சொல்லாமல் போன லீவால் தவறியிருக்கிறது. ஊருக்குப் போகிறவர்களுக்கு தன்பாத் எக்ஸ்பிரஸில் டிக்கெட் கிடைக்கும் நாளும் ஒரு கணக்கு, அதையும் சேர்த்துப் பேசுங்கள்.

மெஸ்ஸுல தினமும் சண்டைங்க. அரிசியா ரொட்டியான்னு.

ஒடிசாவும் வங்காளமும் அரிசி. பீகார் ராத்திரியில் ரொட்டி கேட்கும். சமையல்காரரைத் திட்டுவதை விட்டுவிட்டு மெஸ் கமிட்டியில் மூன்று ஊருக்கும் ஆள் போடுங்கள், மளிகைப் பட்டியலை அவர்கள் எழுதட்டும். நான் பார்த்த இடங்களில் இது ஒரே மாதத்தில் தீர்ந்த விஷயம். இதற்கு மேல் எழுத ஒன்றுமில்லை.

பொம்பளை சூப்பர்வைசர் போட்டா ஆம்பளைங்க கேக்க மாட்டேங்கறாங்க. என்ன பண்றது?

அவரிடம் என்ன அதிகாரம் கொடுத்தீர்கள் என்று முதலில் சொல்லுங்கள். லீவு கையெழுத்து அவரிடம் இருக்கிறதா? ஆளை மெஷின் மாற்றிப் போட அவரால் முடியுமா? பெரும்பாலான இடங்களில் பச்சைக் கோட்டு மட்டும் கொடுத்திருக்கிறார்கள். அயர்னிங்காரர் அவரைத் தாண்டி நேராக மேனேஜரிடம் போய் லீவு வாங்கி வந்துவிடுவார். அந்த நிமிடத்தில் அந்தப் பெண்ணின் சூப்பர்வைசர் பதவி முடிந்தது. முடித்தவர் மேனேஜர், அயர்னிங்காரர் அல்ல.

இன்னொன்று, ஒரே ஒருவரைப் போட்டு "பார்க்கலாம்" என்று நிற்காதீர்கள். அவர் தவறினால் "பொம்பளைங்களுக்கு வராது" என்பார்கள். ஆண் சூப்பர்வைசர் தவறினால் அவர் பெயரைச் சொல்லித்தான் திட்டுவார்கள். இரண்டு மூன்று பேரைச் சேர்த்துப் போடுங்கள், ஒருவரையாவது வெளிமாநிலத்திலிருந்து எடுங்கள். அவரிடம் தப்பு இருந்தால் லைன் முன்னால் பேசாமல் உள்ளே கூப்பிட்டுச் சொல்லுங்கள்.

ஐ.சி. கமிட்டி பேப்பர்ல இருக்கு, போர்டும் மாட்டியாச்சு. புகாரே வர்றதில்லை. அப்ப எல்லாம் நல்லா இருக்குன்னுதானே?

2013 சட்டப்படி 10 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் பெண்கள் மீதான பாலியல் தொல்லைப் புகாரை விசாரிக்க உள்ளகக் குழு (ஐ.சி.) இருக்க வேண்டும். தலைவர் மூத்த பெண் ஊழியர், உறுப்பினர்களில் பாதிப்பேராவது பெண்கள், வெளியிலிருந்து ஓர் உறுப்பினர். சம்பவம் நடந்த 3 மாதத்துக்குள் புகார் தர வேண்டும், காரணம் இருந்தால் குழு இன்னொரு 3 மாதம் நீட்டிக்கலாம். விசாரணை 90 நாளில் முடிய வேண்டும். இவ்வளவும் உங்கள் போர்டில் தமிழிலும் ஆங்கிலத்திலும் இருக்கும். ஹாஸ்டலில் இருக்கும் 19 வயது சந்தாலிப் பெண் அதை எப்படிப் படிப்பாள்?

எழுத்தில் புகார் தர முடியாதவருக்கு எழுத உதவ வேண்டியது குழுவின் கடமை என்று சட்டமே சொல்கிறது. ஆகவே குழுவில் அந்த மொழி பேசும் பெண் ஒருவர் வேண்டும், அவரிடம் போன் இருக்க வேண்டும், ஹாஸ்டல் வார்டன் வழியாகத்தான் போக வேண்டும் என்ற நிலை இருக்கக் கூடாது. இதைச் சரிசெய்த யூனிட்டுகளில் முதல் வருடம் புகார் கூடுகிறது. முதலாளிகள் பயந்து எனக்குப் போன் செய்வார்கள். கூடட்டும் என்பேன்.

காது கேக்காதவங்களை மெஷின்ல உக்கார வெச்சா ஆபத்து இல்லீங்களா?

தையலுக்குக் காது தேவையில்லை. தீ மணிக்குத்தான் தேவை. மணியோடு சேர்த்து மினுக்கும் விளக்கு ஒன்று மாட்டினால் முடிந்தது. அந்த விளக்கு ஜெனரேட்டர் சத்தத்தில் உட்கார்ந்திருக்கும் எல்லோருக்கும் உதவும். 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 21 வகைக் குறைபாடுகளைச் சொல்கிறது, தனியார் நிறுவனமும் சம வாய்ப்புக் கொள்கை எழுதி வைக்க வேண்டும் என்கிறது. ஒன்று மட்டும் சொல்கிறேன். சைகை மொழி பேசும் இருவரைப் பக்கத்தில் பக்கத்தில் உட்கார வையுங்கள். தனியாக ஒருவரைக் கூட்டத்தில் விட்டால் நாள் முழுக்க அவருக்குப் பேச்சே இல்லை.

எங்க கம்பெனியில ஜாதியெல்லாம் யாரும் பாக்கறதில்லைங்க. அதைப் பத்தி எதுக்குப் பேசணும்?

இதைச் சொல்பவர் எந்தச் சாதி என்று நான் கேட்பதில்லை. ஆனால் இதுவரை இதை என்னிடம் சொன்னவர்கள் எல்லோரும் பார்க்கத் தேவையில்லாத இடத்தில் இருந்தவர்கள்.

ஒரு யூனிட்டில் தண்ணீர் டிரம்முக்குப் பக்கத்தில் ஒரே ஒரு எவர்சில்வர் டம்ளர் சங்கிலியில் கட்டியிருந்தது. ஆனால் பேக்கிங் பெண்கள் பத்துப் பேர் மட்டும் வீட்டிலிருந்து பாட்டில் கொண்டுவந்தார்கள். "சுத்தமா இருக்கறாங்க" என்றார் மேனேஜர். பேசிப் பார்த்ததில், இரண்டு வருடத்துக்கு முன்னால் அவர்களில் ஒருத்தி குடித்த டம்ளரை ஒரு டைலர் அவள் கண்ணெதிரே மூன்று முறை கழுவியிருக்கிறார். யாரும் எதுவும் பேசவில்லை. அன்றிலிருந்து பாட்டில். சாதிப் பெயரைச் சொல்லிப் பொதுவில் இழிவுபடுத்துவது 1989ஆம் ஆண்டு வன்கொடுமைத் தடுப்புச் சட்டப்படி குற்றம் என்று எல்லோருக்கும் தெரியும், அதனால் வாயால் சொல்வதில்லை. "நீங்க எந்தப் பக்கம்?", "ஊருக்குள்ளயா, வெளியவா?" என்று கேட்டுத் தெரிந்துகொள்கிறார்கள்.

அந்த யூனிட்டில் டம்ளரை எடுத்துவிட்டு, வாய் வைக்காமல் குடிக்கத் தண்ணீர் மேலே பீச்சும் குழாய் வைத்தார்கள். பாட்டில் பத்தும் இன்னும் வருகிறது. பொருளை மாற்றினால் புண் ஆறாது, ஆனால் புதிதாக வரும் பெண்ணுக்கு அந்தக் காட்சி இருக்காது. வேலைக்கு எடுக்கும் படிவத்தில் தேவையில்லாத சாதிக் கேள்வி, "தெரிந்தவர்கள் மூலம் மட்டும்" ஆள் எடுப்பது, இவ்விரண்டையும் கூடவே பாருங்கள். தெரிந்தவர் மூலம் வந்தால் ஒரே தெரு ஆட்கள்தான் வருவார்கள்.

கமிட்டி மீட்டிங்ல வெளியூர் ஆளுங்க வாயே திறக்கறதில்லை. கேட்டா 'டீக் ஹே', சரிதான்ங்கறாங்க.

100 பேரோ அதற்கு மேலோ இருந்தால் நிர்வாகமும் தொழிலாளரும் சேர்ந்த ஒர்க்ஸ் கமிட்டி வைக்கிறோம், பிரதிநிதி யார் என்றால் காண்ட்ராக்டர் கை காட்டிய ஆள். மீட்டிங் முதலாளி அறையில், ஏசியில், சோபாவில், தமிழில். நானாக இருந்தாலும் "டீக் ஹே" தான் சொல்வேன்.

மீட்டிங்கைத் தளத்திலேயே வையுங்கள். பிரதிநிதியை அவர்களே ரகசியச் சீட்டுப் போட்டுத் தேர்ந்தெடுக்கட்டும், படிக்கத் தெரியாதவர்களுக்கு நிறச் சீட்டு. "ஏதாவது குறை உண்டா?" என்று கேட்டால் பதில் வராது. "போன வாரம் பாத்ரூமில் தண்ணீர் எத்தனை நாள் வரவில்லை?" என்று கேளுங்கள், வரும். முதலாளி கடைசியில் பேச வேண்டும். அவர் முதலில் பேசிவிட்டால் மற்றவர்கள் அதற்குத் தலையாட்டத்தான் வருவார்கள். அப்புறம், சொன்னதில் ஒன்றையாவது அடுத்த மீட்டிங்குக்குள் செய்துவிடுங்கள்.

2023 மாதிரி மறுபடி புரளி கிளம்பினா என்ன பண்றது?

மறந்தவர்களுக்காக: 2023 மார்ச் தொடக்கத்தில், தமிழ்நாட்டில் பீகார் தொழிலாளர்களைத் தாக்குகிறார்கள் என்று வாட்ஸப்பில் வீடியோக்கள் பரவின. சம்பந்தமே இல்லாத சம்பவங்களின் வீடியோக்கள் அவை. தமிழ்நாடு போலீஸ் பொய் என்று சொல்லி வழக்குப் போட்டது, பீகார் அரசின் அதிகாரிகள் குழு திருப்பூருக்கும் கோவைக்கும் வந்து பார்த்தது. மார்ச் 8 ஹோலி வேறு. ஹோலிக்கு ஊருக்குப் போன கூட்டத்தைப் பார்த்து "பயந்து ஓடுகிறார்கள்" என்றார்கள், அதைக் கேட்டு நிஜமாகவே பயந்து சிலர் கிளம்பினார்கள்.

அந்த வாரம் நன்றாகச் சமாளித்த யூனிட்டுகளைப் பார்த்தேன். அங்கெல்லாம் நோட்டீஸ் அடித்து யாரையும் நம்ப வைக்கவில்லை. ஆட்களில் மூன்று நான்கு பேர் ஊரிலுள்ள அம்மாவுக்கு வீடியோ கால் போட்டு லைனைக் காட்டினார்கள், பக்கத்து மெஷின் தமிழ் அக்கா கையாட்டினார். அந்த அக்கா அதற்கு முன்பே பழகியிருந்ததால்தான் அது முடிந்தது. புரளி வந்த அன்று பழக்கத்தை ஆரம்பிக்க முடியாது. ஊருக்குப் போக வேண்டும் என்று கேட்டவர்களைத் தடுக்காமல் பாக்கிச் சம்பளத்தைக் கையில் கொடுத்து அனுப்பிய யூனிட்டுகளுக்கு ஆட்கள் திரும்பினார்கள்.

அவங்களுக்கே எல்லாம் பாக்கறீங்க. நாங்க இங்கயே பொறந்து வளர்ந்தவங்க, எங்களை யாரு பாக்கறது?

இதைக் கேட்டவர் 22 வருடமாக சிங்கர் மெஷினில் இருக்கும் ஓர் அண்ணன். அவர் கோபத்தில் பாதி நியாயம் இருக்கிறது. அவருடைய ரேட்டைவிடக் குறைவாகக் காண்ட்ராக்ட் ஆளுக்குக் கொடுத்து, "முடியாதுன்னா போ, ஆள் வெளிய நிக்குது" என்று அவரிடம் சொன்னால் அவர் யாரை வெறுப்பார்? பக்கத்தில் உட்கார்ந்திருப்பவரைத்தான். முதலாளி ஆபீஸில் இருக்கிறார், எட்டாது.

ஆகவே இங்கே எழுதியதில் ஒரே ஒரு காரியம்தான் செய்ய முடியும் என்றால் இதைச் செய்யுங்கள்: ஒரே ஆபரேஷனுக்கு ஒரே ரேட், எந்த ஊர் ஆளானாலும், ஆணானாலும் பெண்ணானாலும். அந்த ரேட் பலகையில் எண்ணில் எழுதியிருக்கட்டும். தொழிற்சங்கங்களும் உரிமையாளர் சங்கங்களும் போடும் கூலி ஒப்பந்தம் இருக்கிறது, அதற்குக் கீழே யாரும் இல்லை என்று ஆனால் அந்த அண்ணனுக்கும் பாதுகாப்பு, பீகார்க்காரருக்கும் பாதுகாப்பு. ரேட்டில் வித்தியாசத்தை வைத்துக்கொண்டு மேலே சொன்ன காலண்டர், படம், கமிட்டி எல்லாவற்றையும் செய்தாலும் ஓடாது. இதை நான் முதலாளிகள் முன்னால் சொல்லும்போது அறை கொஞ்சம் அமைதியாகிவிடும்.

ரெண்டு பேரு அடிச்சுக்கிட்டாங்க. ஒருத்தன் உள்ளூர், ஒருத்தன் வெளியூர். யாரு பக்கம் நிக்கறது?

இரண்டு பேர் அடித்துக்கொண்டார்கள் என்பதோடு நிறுத்துங்கள். ஊர் பெயரைச் சேர்த்த உடனே இருபது பேர் இந்தப் பக்கமும் இருபது பேர் அந்தப் பக்கமும் வந்துவிடுவார்கள். அன்றைக்கே, தனித்தனியாக, அவரவர் மொழியில் கேளுங்கள். தண்டனை இருவருக்கும் பொதுவான விதிப்படி இருக்கட்டும், அந்த விதி சண்டைக்கு முன்பே எழுதியிருக்கட்டும். பிறகு எதனால் ஆரம்பித்தது என்று பாருங்கள். நான் விசாரித்தவற்றில் பாதிக்கு மேல் பண்டில், ஃபேன், மெஷின் ரிப்பேர் வரிசை. மெக்கானிக் யார் மெஷினுக்கு முதலில் போகிறார் என்பதும் பங்கீடுதான்.

ஊருக்கெல்லாம் சொல்றீங்களே, நீங்க சறுக்கினது உண்டா?

உண்டு. நான்காவது வருடம் ஒரு ஒடிசாப் பெண் அழுதுகொண்டே ஆபீஸுக்கு வந்தாள். எனக்கு ஒடியா தெரியாது. தெரிந்த ஒரே ஆள் காண்ட்ராக்டரின் தங்கை மகன், அவனைக் கூப்பிட்டேன். அவள் நிறையப் பேசினாள், நிமிடக் கணக்கில். அவன் என்னிடம் "ஊர் ஞாபகம் வந்திருச்சு சார், லீவு கேக்கறா" என்றான். நான் நல்லவன் மாதிரி 15 நாள் லீவு எழுதிக் கொடுத்தேன். அவள் அந்தத் தாளை வாங்கிக்கொண்டு கொஞ்ச நேரம் என்னைப் பார்த்தபடி நின்றாள்.

திரும்பி வரவில்லை. ஏழெட்டு மாதம் கழித்து அவளுடன் அறையில் இருந்த பெண் ஒருத்தி தமிழ் கற்றுக்கொண்டு, ஒரு மதியம் என்னிடம் வந்து சொன்னாள். அன்றைக்கு அவள் புகார் சொன்னது அந்தத் தங்கை மகனைப் பற்றி.